மோனோடைப் கோர்சிவா

மோனோடைப் கோர்சிவா என்பது உரோமன் எழுத்துகளுக்கான ஒரு வனப்பெழுத்துச் சாய்வுரு ஆகும். பட்டை முனைப் பேனாவால் பயிற்சி பெற்ற ஒருவர் விரைந்து எழுதியது போன்ற தோற்றம் உடையது. பிரித்தானிய நிறுவனமான மோனோடைப்பில் பணியாற்றிய பாட்ரிசியா சாண்டர்ஸ் இதை வடிவமைத்தார். 1990களின் தொடக்கத்தில் விண்டோஸ் கணினிகளுக்கு வந்தது. பின்னர் மைக்ரோசாப்ட் ஆபீஸ் தொகுப்புடன் சேர்ந்து ஏறத்தாழ எல்லா அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் பரவியது. பாராட்டுச் சான்றிதழ், திருமண அழைப்பிதழ், உணவகங்களின் உணவுப் பட்டியல், வாழ்த்து அட்டை ஆகியவற்றில் இதைக் காணாதவர் குறைவு. பெயர் தெரியாதவருக்கும் உருவம் பழக்கமானதே.

பெயரின் பொருள்

'கோர்சிவோ' என்பது இத்தாலிய மொழியில் சாய்வெழுத்தைக் குறிக்கும் சொல். 'ஓடு' என்னும் வினையிலிருந்து பிறந்தது. ஓடும் எழுத்து, அதாவது கை நிற்காமல் எழுதிச் செல்லும் எழுத்து என்பது அதன் பொருள். ஜெர்மானியர் 'குர்சிவ்' என்பதும் இதே வேரில் வந்தது. ஆங்கிலேயர் அந்த எழுத்து பிறந்த நாட்டை நினைத்து 'இட்டாலிக்' என்றனர். தமிழில் நாம் சாய்வெழுத்து என்கிறோம். வழக்கில் ஊன்றிவிட்ட நல்ல சொல்தான். ஆனால் அது எழுத்தின் சாய்வை மட்டும் காட்டுகிறது, ஓட்டத்தைக் காட்டவில்லை. இதனால் நேரான எழுத்தைப் பிடித்துச் சாய்த்தால் சாய்வெழுத்து கிடைத்துவிடும் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். கோர்சிவாவைப் புரிந்துகொள்ள முதலில் இந்த எண்ணத்தை விட வேண்டும்.

கணினியிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளான ஏ, எஃப் இரண்டையும் பெரிய அளவில் தட்டச்சு செய்து, பிறகு சாய்வுப் பொத்தானை அழுத்த வேண்டும். நேர் வடிவில் மேலே ஒரு வளைவும் கீழே ஒரு வயிறுமாக இரண்டு அடுக்காக இருந்த ஏ, சாய்வில் ஒரே வயிறுள்ள கையெழுத்து ஏ ஆகிவிடும். கோட்டின் மேல் நின்ற எஃப், கோட்டுக்குக் கீழே கால் நீட்டும். இவை சாய்ந்தவை அல்ல, உருவே மாறியவை. அடுத்து அதே எழுத்துகளை ஏரியல் எழுத்துருவில் சோதித்தால், இரண்டு அடுக்கு ஏ அப்படியே சற்றுச் சரிந்து நிற்பதைக் காணலாம். முதலாவது மெய்யான இட்டாலிக். இரண்டாவது சாய்க்கப்பட்ட நேரெழுத்து. ஏரியலை ராபின் நிக்கோலசுடன் சேர்ந்து வரைந்தவரும் இதே பாட்ரிசியா சாண்டர்ஸ்தான். பேனாவின் சாயலே இல்லாத ஏரியலையும் பேனாவின் சாயலே எல்லாமாக உள்ள கோர்சிவாவையும் ஒருவரே வரைந்திருக்கிறார்.

எழுத்தர்களின் கையிலிருந்து அச்சுக்கு

இந்த எழுத்தின் மூலம் 15ஆம் நூற்றாண்டு இத்தாலி. புளோரன்சு நகரத்து அறிஞர் நிக்கோலோ நிக்கோலி (இறப்பு 1437) பழைய இலத்தீன் நூல்களைத் தம் கையாலேயே படியெடுத்தவர். ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிதானமாக எழுதும் நூலெழுத்து அவருடைய வேலைக்கு ஒத்துவரவில்லை. எழுத்துகளைக் குறுக்கி, ஒன்றோடு ஒன்று இணைத்து, பேனாவை அடிக்கடி தூக்காமல் எழுதினார். குறுக்கமும் இணைப்பும் வேகமும் சேர்ந்தபோது எழுத்து தானாகவே சற்று வலப்பக்கம் சரிந்தது. ஆக, சாய்வு என்பது வேகத்தின் விளைவு.

உரோமில் திருத்தந்தையின் அலுவலகத்தில் கடிதங்களும் ஆணைகளும் நாள்தோறும் எழுதப்பட்டன. அங்கிருந்த எழுத்தர்கள் இக்கையெழுத்தை ஏற்று மெருகேற்றினர். அதனால் 'கஞ்செல்லாரெஸ்கா' என்ற பெயர் அதற்கு வந்தது. கச்சேரி எழுத்து என்றால் தமிழர்க்குப் பொருள் விளங்கும் (பாட்டுக் கச்சேரி அன்று, தாலுகா கச்சேரி என்பதில் உள்ள கச்சேரி). இன்று விழாக்கோலத்தின் அடையாளமாக நாம் காணும் எழுத்து, பிறந்தபோது அலுவலகக் குமாஸ்தாக்களின் வேலை எழுத்து.

அச்சில் இதை முதலில் கொண்டுவந்தவர் வெனிசு நகரப் பதிப்பாளர் ஆல்டஸ் மனூட்டியஸ். அவருக்காக அச்சுருக்களைச் செதுக்கியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. 1500இல் வந்த ஒரு நூலின் படத்தில் சில சொற்களாகத் தலைகாட்டிய இந்த எழுத்து, 1501இல் வெர்ஜிலின் கவிதைத் தொகுப்பில் நூல் முழுவதையும் நிறைத்தது. கையில் அடங்கும் சிறு அளவில் வந்த நூல் அது. தாளை மிச்சப்படுத்தவே ஆல்டஸ் இட்டாலிக்கை உருவாக்கினார் என்று பல பாடநூல்கள் ஒரே வரியில் சொல்லிவிடும். இடம் குறைந்தது உண்மை. ஆயினும் அறிஞர்கள் தம் கைப்பட எழுதிய ஏடு போன்ற உணர்வைச் சிறு நூலில் தருவதும் அவர் நோக்கமாக இருந்தது என்று கொள்வதே பொருத்தம். வெனிசு அரசு அவருக்குத் தனியுரிமை வழங்கியது. பிரான்சின் லியோன் நகர அச்சகத்தார் அதைப் பொருட்படுத்தாமல் போலிகளை அச்சிட்டுத் தள்ளினர். எழுத்துருப் போலி என்னும் சிக்கலுக்கு இட்டாலிக்கின் வயதே ஆகிறது.

ஆல்டஸின் இட்டாலிக்கில் சிறிய எழுத்துகள் மட்டுமே சாய்ந்திருந்தன. பெரிய எழுத்துகள் நேராகவே நின்றன. அவற்றைச் சாய்க்கும் வழக்கம் பின்னர் வந்தது. அக்காலத்தில் இட்டாலிக் யாருக்கும் துணை எழுத்தும் அன்று. நூல் முழுவதையும் அதிலேயே அச்சிட்டனர். அழுத்தம் காட்டவும் நூற்பெயர் குறிக்கவும் நேரெழுத்தின் நடுவே அதைச் செருகும் முறை பிற்காலத்தது.

கோர்சிவாவின் உடனடி மூதாதை ஆல்டஸின் எழுத்தன்று, லுடோவிக்கோ தெலி அரிகியின் எழுத்து. விசென்சா அருகே பிறந்த அரிகி, திருத்தந்தை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். அவருடைய 'ஒபரினா' என்னும் சிறு கையேடு 1522 என்ற ஆண்டைத் தாங்கியுள்ளது. கச்சேரி எழுத்தைப் பொதுமக்களுக்குக் கற்பிக்க அச்சில் வந்த முதல் நூல் அது. எழுத்துகளை மரக்கட்டையில் செதுக்கியவர் உகோ தா கார்பி. அரிகியின் பாடமுறை இன்றைய ஆசிரியருக்கும் வியப்பளிக்கும். அகர வரிசையில் தொடங்காமல், எந்த முதற்கோட்டிலிருந்து எந்தெந்த எழுத்துகள் பிறக்கின்றன என்று குழுக்களாகப் பிரித்துச் சொல்லித்தருகிறார். பின்னர் அவரே அச்சுத் தொழிலில் இறங்கித் தம் கையெழுத்தை உலோக அச்சுருவாக்கினார். 1527இல் உரோம் நகரம் சூறையாடப்பட்ட பிறகு அவரைப் பற்றிய தடயம் இல்லை. அவர் காலத்தில் வெனிசில் தாலியென்டேயும், அவருக்குப் பின் உரோமில் பலத்தீனோவும் இவ்வகைக் கையேடுகளை வெளியிட்டனர்.

பேனா செய்யும் வேலை

இந்த எழுத்தில் தடித்த கோடும் மெல்லிய கோடும் மாறிமாறி வருவதற்குக் காரணம், எழுதுபவர் அழுத்துவதும் தளர்த்துவதும் அன்று. பேனாவின் முனை உளிபோல் பட்டையானது. அதைக் கோட்டுக்கு ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் பிடித்துக்கொண்டு, கோணத்தை மாற்றாமல் எழுத வேண்டும். முனையின் அகலப் போக்கில் கை நகரும்போது மயிரிழைக் கோடு விழும். அதற்குக் குறுக்கே நகரும்போது முழு அகலக் கோடு விழும். கோணம் ஒன்றாக இருப்பதால் எல்லா எழுத்திலும் தடிப்பும் மெலிவும் ஒரே இடத்தில் அமைகின்றன. பக்கம் முழுவதும் ஒரே நெசவு போலத் தெரிவது இதனால்தான்.

கோர்சிவாவில் இந்தத் தடங்களை எளிதில் காணலாம். சிறிய எழுத்துகள் குறுகியவை, முட்டை வடிவ வயிறு உடையவை. பி, டி, ஹெச், எல் போன்றவற்றின் மேற்கால்களும், ஜி, பி, ஒய் போன்றவற்றின் கீழ்க்கால்களும் உடலோடு ஒப்பிட நீளமானவை. பெரிய எழுத்துகளில் தொடக்கக் கோடுகள் வீச்சாக வெளியே நீள்கின்றன. கால்கள் நீளம், உடல் சிறியது என்பதால், 12 புள்ளி கோர்சிவா 12 புள்ளி டைம்சைவிடக் கண்ணுக்குச் சிறியதாகத் தெரியும். ஒரே அளவு கொடுத்தும் ஏன் சிறுத்துவிட்டது என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

சாப்ஃபின் எழுத்தும் அதன் மாற்றும்

கோர்சிவாவின் வரலாற்றை இன்னோர் எழுத்துருவைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஜெர்மானிய வடிவமைப்பாளர் ஹெர்மன் சாப்ஃப் (1918–2015) நியூரம்பர்க் நகரில் பிறந்தவர். 1935இல் அங்கு நடந்த ருடால்ஃப் கோக் நினைவுக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, கோக்கின் நூலையும் ஆங்கிலேயரான எட்வர்ட் ஜான்ஸ்டனின் நூலையும் வாங்கி, ஆசிரியர் இன்றித் தாமே வனப்பெழுத்துப் பயின்றார். 1979இல் ஐடிசி நிறுவனம் வெளியிட்ட அவருடைய 'சாப்ஃப் சான்சரி' கச்சேரி எழுத்தைப் புதுக் காலத்துக்குக் கொண்டுவந்தது. 1986இல் ஆப்பிள் நிறுவனம் விற்பனைக்கு விட்ட லேசர்ரைட்டர் பிளஸ் அச்சுப்பொறியின் நினைவகத்தில் இருந்த 35 எழுத்துருக்களுள் இதன் சாய்வடிவமும் ஒன்று. அந்த 35தான் பின்னர் அச்சுப்பொறி உலகின் பொதுத் தொகுதியாக நிலைத்தது.

விண்டோஸ் கணினிகளுக்கு அதே தொகுதிக்கு ஈடான எழுத்துருக்கள் தேவைப்பட்டன. 1992இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட எழுத்துருத் தொகுப்பில் மோனோடைப்பின் மாற்றுருக்கள் இடம்பெற்றன. பலத்தீனோவுக்குப் பதில் புக் ஆண்டிக்வா, சாப்ஃப் சான்சரிக்குப் பதில் கோர்சிவா. எழுத்துகளின் அகலம் மூலத்தோடு ஒத்துப்போவதால், ஒன்றில் அமைத்த பக்கத்தை மற்றொன்றில் திறந்தாலும் வரி உடையாது. தொழில்நுட்ப நோக்கில் இது வசதி. ஆனால் வடிவமைத்தவர் நோக்கில்? பலத்தீனோ எழுத்துருவும் சாப்ஃப் வரைந்ததே. மேலே சொன்ன பலத்தீனோவின் நினைவாகப் பெயரிடப்பட்டது. தம் எழுத்துகளை அனுமதியின்றிப் படியெடுப்பதைப் பன்னாட்டு எழுத்துருக் கழகம் கண்டுகொள்ளவில்லை என்று கருதிய சாப்ஃப், 1993இல் அக்கழகத்திலிருந்து விலகினார்.

அமெரிக்கச் சட்டப்படி எழுத்தின் உருவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. எழுத்துருக் கோப்பு ஒரு மென்பொருள் என்ற அளவில்தான் அந்த உரிமை உண்டு. கச்சேரி எழுத்து 500 ஆண்டுப் பொதுச்சொத்து, யாரும் அதிலிருந்து புதிதாக வரையலாம் என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. கோர்சிவாவைக் கூர்ந்து பார்த்தால் அரிகியின் சாயல் தெரியத்தான் செய்கிறது. ஆயினும் அகலம்கூட மாறாமல் இன்னொருவர் எழுத்தின் இடத்தை நிரப்புவதற்கென்றே வந்தது என்பதையும் மறைக்க இயலாது. பள்ளிச் சான்றிதழில் அழகாக நிற்கும் எழுத்துக்குப் பின்னால் இந்த வழக்கும் உள்ளது.

சாப்ஃப் சான்சரியின் கட்டற்ற மாற்று ஒன்றும் உண்டு. ஜெர்மானிய நிறுவனமான யூஆர்டபிள்யூ வழங்கிய 'சான்சரி எல்' லினக்சு இயங்குதளங்களில் கிடைக்கிறது. அதிலிருந்து விரிவாக்கப்பட்டது 'டெக் கைர் கோரஸ்'. லாடெக் மென்பொருளில் கணிதம் எழுதுவோர் சிலர், கணங்களையும் சார்புகளையும் குறிக்கும் எழுத்துகளுக்குச் சாப்ஃப் சான்சரியைப் பயன்படுத்துகின்றனர். ஆப்பிள் கணினிகளில் கிறிஸ் ஹோம்ஸ் வரைந்த ஆப்பிள் சான்சரி இருக்கிறது. இணையப்பக்கம் எழுதக் கற்கும் மாணவருக்கு ஓர் எச்சரிக்கை: நடைதாளில் எழுத்துரு வகையைக் 'கர்சிவ்' என்று மட்டும் குறித்தால், ஆப்பிள் கணினியில் பெரும்பாலும் ஆப்பிள் சான்சரியும் விண்டோசில் காமிக் சான்சும் தோன்றும். இரங்கல் செய்தி ஒன்றை அப்படி வெளியிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

எங்கே பொருந்தும்

சில சொற்கள், பெரிய அளவு, சுற்றிலும் வெற்றிடம் ஆகிய மூன்றும் அமைந்த இடத்தில் கோர்சிவா சிறக்கும். சான்றிதழில் பெறுபவர் பெயர், அழைப்பிதழில் மணமக்கள் பெயர், நூலின் காணிக்கைப் பக்கம், கவிதைத் தலைப்பு, உணவுப் பட்டியலில் பிரிவுத் தலைப்பு ஆகியவை அதன் இடங்கள். ஒரு பக்கக் கட்டுரையை இதில் அடித்தால் படிப்பவர் பத்தாவது வரியில் களைத்துவிடுவார். ஆல்டஸ் முழு நூலையே அச்சிட்டாரே என்று கேட்கலாம். அன்றைய வாசகரின் கண் கையெழுத்து ஏடுகளில் பழகியது. இன்றைய கண் நேரெழுத்தில் பழகியது.

பெரிய தவறு, சொல் முழுவதையும் பெரிய எழுத்துகளில் அமைப்பது. வீச்சுடைய பெரிய எழுத்து, சொல்லின் முதலில் ஒன்றாக நின்று பின்வரும் சிறிய எழுத்துகளை அழைத்துச் செல்வதற்காக வரையப்பட்டது. பத்துப் பெரிய எழுத்துகளை அடுக்கினால் ஒன்றின் வீச்சு மற்றொன்றின் உடலில் இடிக்கும். கொடிகள் சிக்கிக்கொண்டது போல் ஆகிவிடும். 'பாராட்டுச் சான்றிதழ்' என்பதன் ஆங்கில வடிவத்தை முழுப் பெரிய எழுத்தில், கோர்சிவாவில், வளைவாகவும் அமைத்துப் பொன்னிற நிழலும் கொடுத்த சான்றிதழ்கள் நம் ஊர்களில் ஏராளம். எழுத்துகளுக்கு இடையே இடைவெளியை அகட்டுவதும் இதே வகைத் தவறு. ஓடும் எழுத்தின் இணைப்பை அது அறுத்துவிடுகிறது. ஆபீசுடன் வரும் கோப்பில் தடித்த வடிவம் தனியாக இல்லை. ஆகவே தடிப்புப் பொத்தானை அழுத்தினால் கணினி கோட்டை வெறுமனே பருக்க வைக்கிறது. பேனா தந்த மெல்லிய கோடு அடைந்துபோகிறது.

தமிழர் பெயர்களை ஆங்கிலத்தில் இந்த எழுத்தில் அமைக்கும்போது மற்றொரு தொல்லை. அரிகியின் குழுப்பிரிவு இங்கே நினைவுக்கு வர வேண்டும். எம், என், யூ, ஐ என்ற நான்கு சிறிய எழுத்துகளும் ஒரே குட்டைக் கோட்டைத் திரும்பத் திரும்ப இட்டுப் பிறப்பவை. முனியம்மா, மணிமாறன் போன்ற பெயர்களில் இவை தொடர்ச்சியாக வருகின்றன. அளவு சிறியதாகவும் அச்சு மங்கலாகவும் இருந்தால் எத்தனை கால் என்று எண்ண வேண்டியதாகிவிடும். சான்றிதழில் படிக்கப்பட வேண்டிய ஒரே சொல் அந்தப் பிள்ளையின் பெயர்தான். பெயரைக் குறைந்தது 24 புள்ளியில் வைத்து, அச்சிட்டுப் பார்த்த பிறகே முழு எண்ணிக்கையும் அச்சிட வேண்டும். தலைப்பெழுத்துகளுக்குப் பின் புள்ளியும் சிறு இடைவெளியும் விட்டால் வீச்சுகள் மோதா. மற்ற வாசகங்களைப் புக் ஆண்டிக்வா போன்ற அமைதியான நேரெழுத்தில் அமைக்கலாம். பலத்தீனோ வழிவந்த அந்த எழுத்திலும் பேனாவின் சாயல் உண்டு என்பதால் இரண்டும் ஒத்துப்போகும். இன்னொரு வனப்பெழுத்தைப் பக்கத்தில் சேர்த்தால் இரண்டும் கெடும்.

தமிழோடு சேரும்போது

தமிழ் அச்சில் நேரெழுத்து, ஓடுமெழுத்து என்ற இரட்டை மரபு வளரவில்லை. ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு ஏறத்தாழ ஒரே பருமன் உடையது. பட்டை முனைப் பேனாவின் தடிப்பும் மெலிவும் அதில் இல்லை. எனவே கணினியில் தமிழ்ச் சொல்லைத் தேர்ந்து சாய்வுப் பொத்தானை அழுத்தும்போது பெரும்பாலும் கிடைப்பது ஏரியல் வகைச் சரிவுதான். ண, ற போன்ற அகன்ற எழுத்துகள் ஒரு பக்கம் சாய்ந்து விழுவன போல் தெரியும். அழுத்தம் காட்டத் தமிழில் தடித்த எழுத்தும் மேற்கோள் குறியும் இருக்கின்றன, அவை போதும். விழாத் தலைப்புக்கு அழகெழுத்து வேண்டுமானால், வார இதழ்களில் ஓவியர்கள் கதைத் தலைப்புகளைத் தூரிகையால் எழுதிய மரபு நமக்கு இருக்கிறது. அவ்வழியில் வரையப்பட்ட தமிழ் எழுத்துருக்களைத் தேடலாம்.

கோர்சிவாவில் தமிழ் எழுத்துகள் இல்லை. ஒருங்குறித் தமிழில் அடித்த சொல்லுக்குக் கோர்சிவாவைத் தேர்ந்தால், மென்பொருள் தானாகவே லதா, நிர்மலா போன்ற வேறோர் எழுத்துருவை அங்கு இட்டுவிடும். பக்கத்தில் இரண்டு தடிமன்கள் தெரிவது அதனால்தான். மெல்லிய கோடுள்ள தமிழ் எழுத்துருவை நாமே தேர்ந்து, அளவைச் சிறிது குறைத்து வைத்தால் இரண்டும் இணங்கும். பாமினி முதலிய பழைய முறை எழுத்துருக்களில் அடித்த கோப்பாக இருந்தால் நிலைமை மோசம். அவற்றில் தமிழ் உருவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமர்ந்திருக்கின்றன. முழுப் பக்கத்தையும் தேர்ந்து கோர்சிவாவுக்கு மாற்றினால், திருக்குறள் இருந்த இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்து வரிசை அழகான வீச்சுகளுடன் வந்து நிற்கும். இத்தகைய கோப்பில் ஆங்கிலப் பகுதியை மட்டும் தனியாகத் தேர்ந்து மாற்ற வேண்டும்.

ஒரு கணினியில் அமைத்த கோப்பை அச்சகத்திலோ கைப்பேசியிலோ திறக்கும்போது அங்கே கோர்சிவா இல்லாவிட்டால் வேறு எழுத்துரு இடம்பிடித்து வரிகள் குலையும். அனுப்பும் முன் எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் கோப்பாகச் சேமித்தால் இச்சிக்கல் எழாது.